முதல் முரசு ஒலிக்கும்போதே...

ராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பேருந்தில், ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், "மடவார் வளாகம் எறங்குறவங்க முன்னால வாங்க" என்று நடத்துநரின் குரல் கேட்கும். இறங்கினால் வைத்தியநாத சுவாமி கோயில். தீராத வயிற்றுவலி, ஆறாத புண், தள்ளிப்போகும் பிள்ளைப்பேறு என்று உடம்பின் குறைகளைச் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக இந்தச் சந்நிதிக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சிவனுக்கே வைத்தியன் என்று பெயர் வைத்த இடம் இது.

கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று திருமலை நாயக்கருடையது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட மன்னருக்கு வயிற்றுவலி; எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாத வலி, இங்கே வந்து வேண்டிக்கொண்ட பிறகுதான் தீர்ந்தது என்பார்கள். அதற்கடுத்து வரும் பகுதிதான் என் மனதில் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிகாலப் பூசை முடிந்தது என்று தெரிந்த பிறகே உணவில் கை வைப்பது என்று மன்னர் விரதம் பூண்டாராம். மதுரை இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். செய்தி எப்படிப் போய்ச் சேரும்? வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் நகரா என்னும் பெருமுரசை வைத்தார்கள். கோயிலில் முரசு ஒலித்ததும் அடுத்த மண்டபத்துக்காரர் கேட்டுத் தன் முரசை அறைவார். அதைக் கேட்டு அதற்கடுத்தவர். இப்படியே ஒலி கைமாறிக் கைமாறி அரண்மனைக்குப் போகும். அந்த மண்டபங்களில் சில இன்றும் மதுரைச் சாலையோரம் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன.

நடுவில் ஒரு மண்டபத்துக்காரர் கண்ணயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "ராசா பட்டினியாக் கெடப்பாரு" என்றார் அம்மா. பூசை முடிந்திருக்கும். முரசும் ஒலித்திருக்கும். சேதி மட்டும் பாதி வழியில் நின்றிருக்கும்.

உடம்புக்கும் இப்படி ஒரு முரசு வரிசை இருக்கிறது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் முதல் முரசு ஒலிக்கிறது. அதை முதலில் கேட்க வேண்டியவர் அந்த உடம்புக்காரர். அவர் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். வீட்டார் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்ல வேண்டும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேதி போக வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நான் அறிந்த துயரங்களில் பெரும்பாலானவற்றில் முதல் முரசு ஒலித்தே இருந்தது. ஏதோ ஒரு மண்டபத்தில் அது நின்றுபோனது.

மாமாவின் திங்கட்கிழமை

என் தாய்மாமா ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். பேல் பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமிலும், பிறகு பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும். வேலை முடிந்து வரும்போது புருவத்தில், காதோரத்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். "மாமா கிழவனாகிட்டாரு" என்று நாங்கள் சிரிப்போம்.

அவருக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச் சில மணி நேரத்தில் நெஞ்சை யாரோ துணியால் சுற்றி இறுக்குவதுபோல் இருக்கும். வறட்டு இருமல் வரும். மறுநாள் ஒன்றும் இருக்காது. "மருமகனே, திங்கக்கெழம மட்டும் நெஞ்சு கொஞ்சம் பிடிக்கும். செவ்வாக்கெழம தன்னால சரியாப் போயிரும்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒருநாள் ஓய்வெடுத்த சோம்பல் என்று அத்தை நினைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு மந்தம் என்று மாமா நினைத்தார்.

அது பிசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் முதல் அடையாளம். உடம்பு இதைவிடத் துல்லியமாகச் சொல்வது அரிது. பஞ்சோடு வரும் காய்ந்த இலைத்துணுக்குகளிலும் அவற்றில் வாழும் பாக்டீரியாக்களின் எச்சத்திலும் உள்ள நச்சு, மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. நாள்தோறும் அந்தத் தூசியிலேயே இருக்கும்போது உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஓய்வு நாளில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மறுபடி உள்ளே போகும் முதல் நாள் அதிகமாகத் திணறுகிறது. பிரிட்டனின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரை 1950-களில் ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங், இந்த நோய்க்கான படிநிலைகளையே கிழமையை வைத்து வகுத்தார். சில வாரங்களில் மட்டும் முதல் வேலைநாளில் இறுக்கம் வந்தால் தொடக்கம். எல்லா வாரமும் முதல் வேலைநாளில் வந்தால் முதல் படி. மற்ற நாள்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. அதன்பின் நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. முதல் படியில் இருப்பவரைத் தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றினால் அவர் மூச்சு மிஞ்சும். கடைசிப் படிக்குப் போனவருக்கு மருந்தால் ஆறுதல் தரலாம். போன மூச்சைத் திருப்பித் தர முடியாது. புகைப்பழக்கம் இருந்தால் இந்தப் பயணம் இன்னும் வேகமாகும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ், மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. ஆனால் மாமாவைப் பார்த்த யாரும் "எந்தக் கிழமை அதிகம்?" என்று கேட்டதாக அவருக்கு நினைவில்லை. இருமலுக்கு மருந்து கொடுத்தார்கள். அவரும் கிழமையைச் சொல்லவில்லை. அது சொல்லத்தக்க விஷயம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு செவ்வாயும் புதனும் சேர்ந்துகொண்டன. ஐம்பது வயதில், மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்பவராக ஆனார்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பேண்டேஜ் துணி. எங்கெங்கோ யார் யாருக்கோ படும் புண்ணைக் கட்டும் துணி இங்கிருந்து போகிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் பஞ்சையும் நூலையும் தொட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியாவது சேர வேண்டும்: விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகினால், அந்தக் கிழமையைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சதுரகிரி ஏற்றம்

ஆடி அமாவாசைக்கும் பௌர்ணமிகளுக்கும் வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கரடுமுரடான மலைப்பாதை. இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். அந்த ஏற்றத்தில் நெஞ்சுவலி வந்து பக்தர் இறந்தார் என்ற செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம், 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் விவரித்த ஒரு நோய்க்குறி நினைவுக்கு வருகிறது. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் மேடேறும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் வரும், நின்றால் போய்விடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருப்பதன் அடையாளம் இது என்பது பின்னாளில் தெளிவானது. ஓய்வில் இருக்கும் இதயத்துக்குப் போதுமான ரத்தம், வேலை கூடும்போது போதாமல் போகிறது.

சதுரகிரியில் ஏறும் ஒருவருக்கு அன்று முதன்முதலாக நெஞ்சு இறுகுவதும் உண்டு. ஆனால் பலருக்கு அதற்கு முன்பே சிறிய ஏற்றங்களில் முரசு ஒலித்திருக்கும். ரயில்வே மேம்பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது. தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது. பந்தியில் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கும்போது. நின்றதும் சரியானதால் மறந்துவிட்டிருப்பார்கள். நிற்கும்போது சரியாவதுதான் அதன் அடையாளமே. போன மாதம் ஒரே மூச்சில் ஏறிய படியை இந்த மாதம் நின்று நின்று ஏறினால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முற்றிய மாரடைப்பின் போதும் நம்மை ஏமாற்றும் சொல் ஒன்று இருக்கிறது: கேஸ். நடுநெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல். இத்தனைக்கும் ஒரு சோடா குடித்துவிட்டு, பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெண்களுக்கும் நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பும் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரக்கூடும். அடைபட்ட குழாயின் கீழுள்ள இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். சோடாவுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்த நேரத்தை எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது.

இந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, துணை சுகாதார நிலையத்திலேயே, முதல்கட்டமாக 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. ரத்தம் மேலும் உறையாமல் தடுத்துக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அறிகுறியைப் பார்த்துச் சுகாதாரப் பணியாளர்கள் கொடுக்க வேண்டிய மருந்து இது. வீட்டில் வாங்கி வைத்துத் தாமாக விழுங்குவதற்கு அல்ல. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் காசு கேட்காது. பைக்கின் பின்னால் நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு போவதைவிட அதற்குச் சொல்வது மேல். வண்டியில் ஏறிய நிமிடமே கவனிப்பும் தொடங்கிவிடும்.

ஒலிக்காத முரசு

சில நோய்கள் சேதியே அனுப்புவதில்லை. ரத்த அழுத்தம் அப்படிப்பட்டது. "தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எனக்கெங்க பிரஷர்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு அது எந்தத் தொந்தரவும் தராமல், பல ஆண்டுகள் ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தேய்க்கிறது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் கதையை இங்கே சொல்லலாம். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் சோதித்தபோது அவருடைய அழுத்தம் 186/108. வயது ஏறினால் அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்று நினைத்த காலம் அது; நல்ல மருந்துகளும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ஓவியர் ஒருவர் தம்மை வரைந்துகொண்டிருந்தபோது, பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது பார்த்த அழுத்தம் 300/190. அன்றே இறந்தார். உலகின் மிக வலிமையான நாட்டின் தலைவருக்கு, மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும், அந்த எண்ணின் பொருள் புரியாமல் போயிற்று. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வுதான், உயர் அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று உலகுக்கு நிறுவியது.

இன்று நமக்கு எண்ணின் பொருள் தெரியும், மருந்தும் இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் 2020-இல் நடத்திய 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள், அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 7.3 பேர். சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு. அவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 10.8 பேர். மூன்று பேரில் ஒருவருக்கு உள்ள நோயை நூற்றில் ஏழு பேர்தான் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், மற்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? வலிக்கட்டும் என்றுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதைப் புரிந்துகொண்டு வந்த திட்டம். முரசு ஒலிக்காவிட்டால் என்ன, நாமே வீடு தேடிப் போய்க் கேட்போம் என்று மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் கருவியோடு வாசலுக்கு வருகிறார்கள். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்த விருதின் பெருமையில் பாதி, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்களுக்கு உரியது. அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணுமில்லம்மா, பக்கத்து வீட்டுல பாருங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்று நினைப்பவர் கையைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னொரு மௌனம் உண்டு, பாதத்தில். நரம்பு மரத்துப்போனால் முள் குத்தியதும் தெரியாது, செருப்புக் கடித்ததும் தெரியாது. இருக்கன்குடிக்கும் பழனிக்கும் வெறுங்காலோடு பாதயாத்திரை போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. நேர்த்திக்கடனைக் குறை சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் இரவில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்குகளையும் விளக்கடியில் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வலிக்காத புண்ணைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பொத்தி வைக்கும் முரசு

மடவார் வளாகத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. வழியில் பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு, இறைவனே மருத்துவச்சியாக வந்து பேறு பார்த்தாராம். வைத்தியர் என்றால் அவர் பெண்ணைத் தேடி வர வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அவள் தானாகச் சொல்ல மாட்டாள்.

நம் வீட்டுப் பெண்கள் உடம்பின் முரசு மேல் துணியைப் போர்த்தி வைப்பதில் தேர்ந்தவர்கள். 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர். இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அது நோயாகத் தெரிவதில்லை. களைப்பாக இருப்பது பெண்ணின் இயல்பு என்று ஆகிவிட்டது. கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். மாடி ஏறினால் படபடக்கும். முடி கொட்டும். உலையில் போட எடுத்த அரிசியை வாயில் போட்டு மெல்லுகிற பெண்பிள்ளையை "கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்று கேலி செய்கிறோமே, அது ஒரு மருத்துவ அறிகுறி. அரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி என்று உணவல்லாததில் ஆசை போவது பலருக்கு இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிறது. அந்தப் பிள்ளைக்குத் திட்டு வேண்டாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, மாத்திரையும் கீரையும் முட்டையும் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஆழமாகப் பொத்தி வைக்கப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோயின் அடையாளம். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான பிறகு திரும்ப வரும் ரத்தம். கணவரோடு சேர்ந்த பின் வரும் ரத்தம். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். "இந்த வயசுல இதையெல்லாம் யாருகிட்டச் சொல்ல?" என்று பல அம்மாக்கள் உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். மகளிடம்கூடச் சொல்வதில்லை. இந்தப் புற்றோ மிகவும் பொறுமையானது. முதல் மாற்றத்துக்கும் முற்றிய நோய்க்கும் இடையில் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் அவகாசம் தருகிறது.

அந்த அவகாசத்தை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய இடம் திண்டுக்கல் மாவட்டம். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய திசு வெளுத்துத் தெரியும். இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். வெளுத்திருந்தவர்களுக்கு அடுத்தகட்டச் சோதனையும் சிகிச்சையும் கிடைத்தன. 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கு.

சேதி சென்னையில் பிறந்து கிராமத்துக்கு வரவில்லை. திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள் வெட்கத்தை ஒதுக்கி வைத்து வந்ததால் உலகத்துக்குப் போனது. இன்று 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 2021 ஜனவரியில் கண்மூடும்வரை உழைத்த மருத்துவர் வி. சாந்தா, புற்றுநோய் என்றாலே மரணம் என்ற அச்சத்தை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடினார். பிந்தி வருவதால்தான் அந்த அச்சம் உண்மையாகிறது. நேரத்தோடு வந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதையை யாரும் ஊரில் பேசுவதில்லை.

அடுத்தவர் காதில் விழும் முரசு

பக்கவாதத்தில் நோயாளிக்கே சேதி தெரியாமல் போகலாம். மூளையே பாதிக்கப்படுவதால், தனக்கு ஏதோ ஆகிறது என்று உணரும் திறனும் சிலருக்குப் போய்விடும். காபி டம்ளர் கையிலிருந்து நழுவும். பேச்சு குழறும். "தூக்கக் கலக்கம்" என்று அவரே சொல்வார். அங்கே கேட்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர். மூன்று காரியம் செய்யுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று தப்பினாலும் கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-க்குச் சொல்லுங்கள். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைப் போட முடியாது என்பதால், அந்த வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போவது முக்கியம். குடிக்கத் தண்ணீரோ விழுங்க மாத்திரையோ கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் புரையேறும்.

எதற்கு எவ்வளவு நேரம்?

*இந்த நிமிடமே:* நெஞ்சில் பாரமும் வியர்வையும், திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், ரத்த வாந்தி, கருவுற்ற பெண்ணுக்குக் கடும் தலைவலி, கண் மங்கல் அல்லது வலிப்பு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் வந்தால், நினைவிருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

*இந்த வாரத்துக்குள்:* இரண்டு வாரம் தாண்டிய இருமல். வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் அல்லது வெள்ளைப் படலம். மார்பில் வலியில்லாத கட்டி. காரணமில்லாமல் எடை குறைதல். மலத்தில் ரத்தம். மாதவிலக்கு நின்ற பின் ரத்தம். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர். ஏறும்போது இறுகி, நின்றதும் விடும் நெஞ்சு.

*நலமாக இருக்கும்போதே:* முப்பதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. பெண்கள் கருப்பை வாய், மார்பகச் சோதனை. சர்க்கரை உள்ளவர்கள் கண், பாதம், சிறுநீர்ச் சோதனை. உங்கள் எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வழக்கம் என்ன என்று தெரிந்தால்தான் அதிலிருந்து விலகியது தெரியும்.

கேட்க நேரம் கிடைக்குமா?

இவ்வளவும் எழுதிவிட்டு "அலட்சியம் வேண்டாம்" என்று முடிப்பது நியாயமில்லை. என் மாமா அலட்சியக்காரர் அல்ல. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கும். அவர் ஷிஃப்டும் காலையில் தொடங்கும். நெஞ்சு இறுகுகிறது என்று மேஸ்திரியிடம் சொன்னால், வேலைக்கு லாயக்கில்லை என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற பெண்கள், இரவு ஷிஃப்டில் நூல் முடிகிற பிள்ளைகள், விசைத்தறியில் நிற்பவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குத்தான். தாங்கிக்கொள்வது அவர்களுக்குக் குணமாக ஆனதற்குக் காரணம், சொன்னால் கிடைப்பது இழப்பாகவே இருந்ததுதான்.

ஆகவே மண்டபத்துக்காரர்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆலைகள் தூசியை அளந்து குறைக்க வேண்டும். ஆண்டுதோறும் தொழிலாளியை ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்து, அதை அவர் கையிலும் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து வருபவருக்கு மாலையிலும் மருத்துவர் கிடைக்க வேண்டும். மருத்துவர்கள் "என்ன வேலை பார்க்கிறீங்க, எந்தக் கிழமை அதிகம்?" என்று கேட்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஆண்கள், அம்மாவும் மனைவியும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது அதை ஒரே தடவையில் நம்பிவிடக் கூடாது.

மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மூச்சு மருந்தை உறிஞ்சிவிட்டுத்தான் வெளியில் கிளம்புவார். போன மாதம் மடவார் வளாகத்துக்குக் கூட்டிப்போனேன். சாலையிலிருந்து கோயில் வாசல் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். நானும் நின்றேன். உள்ளே கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தபோது, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அவர் பேரன் இப்போது ஒரு நூற்பாலையில் இருக்கிறான். அவனுக்கு வார விடுமுறை மாறி மாறி வரும்; அந்த வாரம் புதன்கிழமை. அன்று வியாழன்.

"ஏப்பா, நேத்து லீவுதான? இன்னைக்கு உள்ள போன பெறகு நெஞ்சு எப்படி இருக்கு?"

மறுமுனையில் அவன் என்னவோ சொன்னான். மாமா விடவில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்லாத. நல்லா இழுத்து மூச்சு விட்டுப் பாத்துட்டுச் சொல்லு. நான் லைன்லதான் இருக்கேன்."